தமிழ்ச்செல்வியும் ஏசுபாதம் ஃபோல்டரும்

2003-ஆம் வருஷம், அணு உலை ஊழியர்கள் குடியிருக்கிற அணுபுரத்தில் நூற்றுப் பதினாலு வீடுகளில் தமிழ்ச்செல்வி பொருத்திக் கொடுத்த கம்ப்யூட்டர் இருந்தது. அத்தனையிலும் 'மை கம்ப்யூட்டரை' வலது கிளிக் செய்து பார்த்தால், இது இன்னாருக்கு உரியது என்று காட்டுகிற இடத்தில் பரணிதரன் என்று இருக்கும். பரணிதரன் அவள் புருஷன். ஆறு மாச வேலை என்று சொல்லிவிட்டுப் பெங்களூருக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. முதலில் வாரத்துக்கு ஒரு போன் வந்தது. அப்புறம் மாசத்துக்கு ஒன்று. அப்புறம் தீபாவளிக்கு வந்தது. சொந்த வீட்டில் இல்லாத மனுஷன் நூற்றுப் பதினாலு வீட்டில் குடியிருந்தான்.

தமிழ்ச்செல்விக்கு அப்போது இருபத்தேழு வயது. நெரும்பூர்ப் பக்கம் வேர்க்கடலை போடுகிற அருணகிரியின் மூத்த மகள். செங்கல்பட்டில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்திருந்தாள். கூடுவாஞ்சேரி மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பதுதான் தரகர் பரணிதரனைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை. கடைசி வார்த்தையும் அதுதான். கல்யாணமான அடுத்த வருஷம், அணுபுரம் வளைவுக்கு எதிர்வரிசையில், சைக்கிள் கடைக்கும் பரோட்டா கடைக்கும் நடுவில் பத்துக்குப் பத்தில் ஓர் இடம் பிடித்துக் கடை போட்டார்கள்.

வேலையைப் பங்கு போட்டுக்கொண்டதில் சண்டை வரவில்லை. ஸ்க்ரூ டிரைவர் பிடித்துச் செய்கிற வேலையெல்லாம் அவளுக்கு: கேபினட்டைத் திறப்பது, போர்டு பொருத்துவது, ஃபேன் மாட்டுவது, கேபிள் செருகுவது. கீபோர்டு பிடித்துச் செய்கிற வேலை அவனுக்கு. விண்டோஸ் போடும்போது திரைக்கும் அவளுக்கும் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவான், பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சுக்காரனுக்கு விடைத்தாளை மறைக்கிற மாதிரி.

"சாஃப்ட்வேரு உனுக்குப் புரியாது. அதுக்கு வேற மூள வேணும்" என்பான்.

சொல்லவே எரிச்சலாக இருக்கிறது, ஆனால் அவள் நம்பினாள்.

பெங்களூர் பஸ் ஏறின அன்று காலையில் அவள் கையில் ஒரு ஹார்டு டிஸ்க்கைக் கொடுத்தான். விண்டோஸ் எக்ஸ்பி, தமிழ் எழுத்துரு, பாட்டுக் கேட்கிற மென்பொருள், சீட்டாட்டம் என்று எல்லாம் ஏற்கெனவே போட்டுத் தயாராக இருந்த டிஸ்க். புது மெஷின் ஒன்று பொருத்தினால் இந்த டிஸ்க்கைப் பக்கத்தில் மாட்டி, உள்ளே இருப்பதை அப்படியே புது டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிட வேண்டியது. தொழிலில் அதற்குக் கோஸ்ட் அடிப்பது என்று பெயர். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். மற்றக் கடைக்காரர்கள் சிடியைப் போட்டுக்கொண்டு அரை நாள் தேவுடு காத்துக் கிடந்தபோது, தமிழ்ச்செல்வி ஒரு டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கழுவி வைப்பதற்குள் மெஷின் தயார். கைராசிக்காரி என்று பேர் வந்ததே அப்படித்தான். அவள் அதைத் தாய் டிஸ்க் என்று சொன்னாள். மஞ்சள் துணியில் சுற்றி டிராயரில் வைத்துப் பூட்டினாள்.

அந்த டிஸ்க்கில் ஒரே ஒரு விஷயம்தான் அவளுக்குப் புரியவில்லை. ஆட்களின் சொந்தக் கோப்புகள் இருக்கிற இடத்தில், ஆங்கில எழுத்தில், ஏசுபாதம் என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவனிடம் கேட்டாள்.

"இது இன்னா ஏசுபாதம்?"

"அத்த தொடாத. சிஸ்டம் ஃபைலு. தொட்டா மொத்தமும் பூடும்."

கஸ்டமர்கள் கேட்டபோது அவளும் அதையே, கொஞ்சம் திருத்தமான தமிழில், சொன்னாள். அணுவோடு வேலை செய்கிறவர்கள் படித்தவர்கள். தொடாதே என்று சொன்ன பொருளைத் தொடாமல் இருக்கச் சம்பளம் வாங்குகிறவர்கள். ஏசுபாதத்தை ஒருவரும் தொடவில்லை.

ராமானுஜம் வந்தது அந்த வருஷம் ஆகஸ்டில். அவர் இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவில் அதிகாரி, குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். அளக்காமல் எதையும் நம்பமாட்டார். கேஸ் சிலிண்டர் வந்தால் குளியலறை எடை மெஷினில் தூக்கி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். தனக்கு வேண்டிய கம்ப்யூட்டருக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். மூன்றாவது வரியில் ஹைப்பர் திரெடிங் உள்ள பென்டியம் ஃபோர் என்று இருந்தது, அடியில் கோடு போட்டு.

அது அப்போது புதுசு. ஒரே ப்ராசஸர்தான், ஆனால் விண்டோஸின் கண்ணுக்கு இரண்டாகத் தெரியும். ஒரு குமாஸ்தாவே இரண்டு கவுன்ட்டரிலும் மாறிமாறி முகம் காட்டி வரிசையைச் சீக்கிரம் நகர்த்துகிற மாதிரி. இரண்டு ஆள் ஆகிவிடாது, ஆனால் ஒரு ஆள் சும்மா உட்காருகிற நேரம் மிச்சம். இதை வைத்துக்கொண்டு ராமானுஜம் செய்யப்போகிற காரியம், சங்க அறிவிப்புகள் டைப் அடிப்பதும் செஸ் ஆடுவதும்.

மெட்ராஸுக்குப் போய் ஒரிஜினல் எக்ஸ்பி சிடியும் வாங்கிவந்திருந்தார். "இதையே போடுங்கம்மா" என்று கொடுத்தார். அவள் வாங்கி மேசைமேல் வைத்தாள். மெஷினைப் பொருத்தினாள். தாய் டிஸ்க்கை எடுத்துக் கோஸ்ட் அடித்தாள். மறுநாள் மெஷினை ஸ்கூட்டியின் கால்வைக்கிற இடத்தில் நிறுத்தி, அவர் வீட்டில் கொண்டுபோய் வைத்து, சிடியையும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள். அதன் மேல் சுற்றியிருந்த கண்ணாடித்தாள் பிரிக்கப்படவே இல்லை. அதில் ஒரு தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றவும் இல்லை.

நாலாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, அவர் போன் செய்து வரச்சொன்னார்.

போனபோது திரையில் டாஸ்க் மேனேஜர் திறந்திருந்தது. ப்ராசஸர் எவ்வளவு உழைக்கிறது என்பதைப் பச்சைக் கோட்டில் காட்டுகிற பெட்டி அது. அதில் ஒரு கட்டம் இருந்தது.

"எத்தனை கட்டம் தெரியுது?" என்றார் ராமானுஜம்.

"ஒண்ணு சார்."

"ஹைப்பர் திரெடிங் வேலை செஞ்சா எத்தனை வரணும்?"

அது அவளுக்குத் தெரியாது. அவர் கேட்ட தோரணையிலிருந்து, "ரெண்டு சார்" என்றாள்.

"ரெண்டு. சரி." அவர் சிடியை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது பிரிக்கவே இல்லை. அப்போ உள்ளே இருக்கிற விண்டோஸ் எங்கேருந்து வந்தது? அப்புறம், இந்த பரணிதரன் யாரு?"

"வூட்டுக்காரரு சார்."

"அவர் ஏன் எங்க வீட்ல இருக்கார்?"

அவர் கோபப்படவில்லை. மீட்டர் ரீடிங் படிக்கிற குரலில் சொன்னார்: "ரெண்டுல ஒண்ணும்மா. சிப் டூப்ளிகேட்டா இருக்கணும். இல்லைன்னா உங்களுக்கு வேலை தெரியலைன்னு இருக்கணும். எதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

சிப் டூப்ளிகேட் இல்லை. பெட்டியை அவள்தான் பிரித்தாள். மிச்சமிருந்தது இன்னொன்றுதான். அதுதான் நிஜம் என்பது ஒன்றரை வருஷமாக அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம். அவளுக்கு ஒரு விண்டோஸ்கூடப் போடத் தெரியாது. நகல் எடுக்கத் தெரியும். இதை வாய்விட்டுச் சொன்னால் அணுபுரத்தில் அப்புறம் எந்தக் கதவும் அவளுக்குத் திறக்காது. ஏமாற்றுக்காரி என்று பேர் வாங்குவதா, ஒன்றும் தெரியாதவள் என்று பேர் வாங்குவதா என்று யோசித்துக்கொண்டே மவுஸைப் பிடித்தாள். சும்மா நிற்பதற்குப் பதில் எதையாவது செய்யலாம் என்று தோன்றியதுதான் காரணம்.

டிவைஸ் மேனேஜரில் கம்ப்யூட்டர் என்ற வரியைத் திறந்தால், இது என்ன வகை மெஷின் என்று விண்டோஸ் நினைத்துக்கொண்டிருக்கிறதோ அது இருக்கும். ஒற்றை ப்ராசஸர் வகை என்று இருந்தது. மாற்று என்றாள். பட்டியல் வந்தது. அதில் 'மல்டி' என்று எழுதியிருந்ததைத் தேர்ந்தெடுத்தாள். மெஷின் அணைந்து மறுபடி எழுந்தது. விண்டோஸின் கொடி வந்தது. கொடி போனது. திரை கறுப்பாயிற்று. அப்படியே இருந்தது. இன்னொரு தரம் அணைத்துப் போட்டாள். அதே கறுப்பு.

"காலையில ஒரு கட்டமாவது இருந்தது" என்றார் ராமானுஜம்.

மெஷினைக் கடைக்கு எடுத்துப் போய்ப் பார்க்கிறேன் என்று கேட்டாள். அவர் முடியாது என்றுவிட்டார். கடைக்குப் போன இடத்தில் சிப்பை மாற்றிவிட்டால் அப்புறம் எதை வைத்து அளப்பது? "ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குச் சங்கக் கூட்டம். உங்க கடையில வாங்கினவங்க நூறு பேருக்கு மேல இருக்காங்க. எதுன்னு நான் சொல்லித்தானே ஆகணும்? அதுக்குள்ள வாங்க" என்றார். வாசல் வரை வந்து செருப்பைக்கூட நகர்த்தி வைத்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. மதர்போர்டோடு வருகிற சின்னப் புத்தகங்கள் எல்லாவற்றையும் அவள் எறிந்துவிடவில்லை. ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் ஒன்பது வைத்திருந்தாள். அதில் மேலாக இருந்ததுதான் ராமானுஜம் போர்டுடையது. உருவியபோது மேசை சாய்ந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து படித்தாள். நாற்பத்து மூணாம் பக்கத்தில் அவள் விஷயம் இருந்தது. ப்ராசஸர், போர்டு, பயாஸ், விண்டோஸ் ஆகிய நாலும் ஒத்துக்கொண்டால்தான் இரண்டாகத் தெரியும். மெஷின் எழுந்ததும் விண்டோஸுக்கு முன்னால் வருகிற பயாஸில் அந்த வசதியை முதலில் திறந்துவிட்டு, அதற்குப் பிறகு விண்டோஸ் போட வேண்டும். 'அதற்குப் பிறகு' என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அந்த ஒரு வரியை நாலு தரம் படித்தாள். விஷயம் பிடிபட்டது. விண்டோஸ் ஒரு மெஷினில் முதல்முதலாகக் குடியேறுகிற அன்றுதான் வீட்டைச் சுற்றிப்பார்த்து, இங்கே ப்ராசஸர் ஒன்றா ரெண்டா என்று குறித்துக்கொள்கிறது. அதற்குத் தகுந்த அஸ்திவாரத்தைப் போட்டுக்கொண்டு, அப்புறம் மறுபடி எண்ணுவதில்லை. தாய் டிஸ்க்கில் இருந்த விண்டோஸ் என்றைக்கோ, எங்கேயோ, ஒரு பழைய மெஷினைச் சுற்றிப்பார்த்து ஒன்று என்று எழுதிக்கொண்டது. அதே குறிப்போடுதான் நூற்றுப் பதினாலு வீட்டுக்கும் போனது. பழைய மெஷின்களில் உண்மையிலேயே ஒன்றுதான் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. ராமானுஜம் வீட்டில் மட்டும் இரண்டாவது ஆள் வாசலிலேயே நின்றான்.

புதிதாகத்தான் போட வேண்டும். அதுதான் அவளுக்குத் தெரியாத வேலை.

சனிக்கிழமை காலை எட்டரைக்குப் பெங்களூருக்குப் போன் போட்டாள்.

"இன்னா, சீக்கிரம் சொல்லு. வேலைக்கிக் கெளம்பிகினு கீறேன்" என்றான் பரணிதரன்.

அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"எக்ஸ்பில அதெல்லாம் வராதுன்னு சொல்டு. அவுருக்கு இன்னா தெரியப்போவுது?"

"அவரு அணு ஒலைல கீறாரு."

"அப்ப சிப்ப மாத்திக் குடுத்துட்டு வா. இதுக்கு எதுக்கு என்ன பேஜார் பண்ற?"

"சிப்பு நல்லாத்தான் கீது. நீ டிஸ்க்குல எக்ஸ்பி போட்டியே, அன்னிக்கி இன்னா போர்டுல போட்ட? எப்பிடிப் போட்ட? ஒண்ணொண்ணா சொல்லு, எழுதிக்கிறேன்."

"நா எங்க போட்டேன்?" என்றான். "மெட்ராஸ் ரிச்சி ஸ்ட்ரீட்ல கட வெச்சிருந்த ஒருத்தன்கிட்ட ரெடியா வாங்கியாந்தேன். பேர மட்டும் மாத்தனேன்."

"யாராண்ட வாங்கன?"

"ஏசுபாதம்னு ஒருத்தன்."

அவள் போனை வைத்தாள். முதலில் வந்தது கோபம். சாதாரணக் கோபம் இல்லை. மேசைமேல் இருந்த ஸ்க்ரூ டிரைவர்களையெல்லாம் எடுத்துத் திரும்ப வரிசையாக வைக்கிற அளவுக்குக் கோபம். வேற மூளை வேண்டுமாம். இந்த மனுஷன் முதுகை வைத்து மறைத்ததெல்லாம் என்ன? கோஸ்ட் அடிக்கும்போது கால் மணி நேரம் தானாக ஓடுகிற ஒரு நீலக் கோடு. அவளிடம் இல்லாத வித்தை அவனிடமும் இல்லை. அவள் நகல் எடுத்தாள். அவன் நகலின் நகலை எடுத்து, தன் பேரை ஒட்டினான். அவ்வளவுதான் வித்தியாசம்.

கோபம் ஆறினபோது, உடம்பு லேசாக இருந்தது. ஒன்றரை வருஷமாக நாம் அரைகுறை, அவன் முழுசு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது உலகத்தில் முழுசு என்று ஒருத்தன்தான் மிச்சம். எந்த போர்டில் மாட்டினாலும் முரண்டு பிடிக்காமல் எழுந்திருக்கிற மாதிரி ஒரு டிஸ்க்கைச் செய்து வைத்திருந்த, முகம் தெரியாத அந்த ஏசுபாதம். அவனும் எங்கேயோ முதல் தடவை போட்டிருப்பான்தானே?

கடை மூலையில் ஒரு பழைய மெஷின் இருந்தது. வேறொரு டிஸ்க்கை அதில் மாட்டி, மார்க்கெட்டில் கிடைக்கிற எக்ஸ்பி சிடி ஒன்றைப் போட்டாள். நீலத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. எஃப் எட்டை அமுக்கு என்றது, அமுக்கினாள். கோப்புகளை நகல் எடுத்தது. மெஷின் அணைந்து எழுந்தது. சிடியிலிருந்து தொடங்க, கீபோர்டில் ஏதாவது ஒரு கட்டையை அமுக்கு என்றது. அமுக்கினாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. மறுபடி அணைந்து எழுந்தது. கட்டையை அமுக்கு என்றது. அமுக்கினாள். மறுபடி முதலிலிருந்து. மெஷின் சொன்னதை மறுக்காமல் செய்கிறவள் என்பதால் இப்படியே பகல் ஒரு மணி வரைக்கும் சுற்றினாள்.

ஐந்தாம் தடவை, பரோட்டா கடைக்காரர் கூப்பிட்டார் என்று வெளியே போனாள். திரும்பி வந்து பார்த்தால், அவள் கட்டையை அமுக்காததாலேயே மெஷின் அடுத்த கட்டத்துக்குப் போய், இன்னும் முப்பத்தொன்பது நிமிஷம் என்று காட்டிக்கொண்டிருந்தது. கேட்டாலும் அமுக்கக் கூடாது. அதுதான் சூட்சுமம். முப்பத்தொன்பது நிமிஷம் என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டது. நடுநடுவே எட்டுப் பத்துக் கேள்வி கேட்டது. பேர் என்ன, எந்த நாடு, மணி என்ன. மிச்சத்துக்கெல்லாம் அடுத்து, அடுத்து என்று தட்டினால் போதும். பச்சைப் புல்வெளியும் நீல வானமும் திரையில் வந்தபோது அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கா அந்த முதுகு?" என்று வாய்விட்டுச் சொன்னாள். கடையில் வேறு யாரும் இல்லை.

சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு தரம் போட்டுப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு ராமானுஜம் வீட்டில் இருந்தாள். அவர் தாள், பேனா, கைக்கடிகாரத்தோடு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சங்கக் கோப்புகளையெல்லாம் அவர் இரண்டாவது டிரைவில் தனியாக வைத்திருந்தார், அதனால் அழிவதற்கு எதுவும் இல்லை. அவள் பயாஸில் போய் ஹைப்பர் திரெடிங் திறந்திருக்கிறதா என்று அவருக்கே காட்டினாள். திறந்திருந்தது. சிடியின் கண்ணாடித்தாளை அவரையே பிரிக்கச் சொன்னாள். அவர் சின்னக் கத்தரிக்கோல் கொண்டுவந்து ஓரமாக வெட்டினார்.

பழைய விண்டோஸ் இருந்த டிரைவை அழிக்கவா என்று மெஷின் கேட்டது. பரணிதரனும் ஏசுபாதமும் ஒரே கட்டையில் போனார்கள். தப்பாக எதையும் அமுக்கவில்லை. சிடியிலிருந்து தொடங்க ஏதாவது ஒரு கட்டையை அமுக்கு என்று வந்தபோது, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அமுக்கச் சொல்லுதே?" என்றார் ராமானுஜம்.

"சொல்லும் சார். அமுக்கக்கூடாது."

அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

பேர் கேட்கிற இடம் வந்தது. அணுபுரத்தில் எந்த வீட்டிலும் அவள் அந்தக் கேள்வியை அதுவரைக்கும் பார்த்ததே இல்லை. "உங்க பேரை எப்பிடிப் போடணும் சார்?" என்று கேட்டாள்.

"முன்னால கே போட்டு, ராமானுஜம்" என்றார். ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்தார்.

பத்து இருபதுக்குப் புல்வெளி வந்தது. அவள் டாஸ்க் மேனேஜரைத் திறந்தாள். பக்கம்பக்கமாக இரண்டு கட்டம். இரண்டிலும் பச்சைக் கோடு தனித்தனியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ராமானுஜம் விரலை வைத்து எண்ணினார். எண்ணிக்கை மாறவில்லை. செஸ்ஸைப் போட்டார், அது யோசித்துக்கொண்டிருக்கும்போதே பெரிய கோப்பு ஒன்றை நகல் எடுக்கவிட்டார். இரண்டு கோடும் எழுந்தன. அவர் முகத்தில் அப்போது வந்தது சந்தோஷம்தான் என்று அவர் மனைவிக்கு மட்டும் தெரிந்திருக்கலாம்.

அப்புறம் அவர் எதையோ தேடினார்.

"ஏசுபாதம் ஃபோல்டரைக் காணோமே. சிஸ்டம் ஃபைல்னு சொன்னீங்க. இல்லாம ஓடுமா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். இரண்டு கட்டம் வந்துவிட்டது, பிழைத்துவிட்டாள், புது விண்டோஸில் அது வேண்டாம் சார் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் நேற்றுக் காலையில் ஒருத்தன் போனில் அப்படி மழுப்பினதைக் கேட்டு வந்த எரிச்சல் இன்னும் மிச்சமிருந்தது.

"அது சிஸ்டம் ஃபைல் இல்ல சார். ஒரு ஆளு. மெட்ராஸ்ல கடை வெச்சிருந்தாரு. அவரு போட்டதைத்தான் எல்லார் வூட்டுக்கும் நகல் எடுத்துக் குடுத்தேன்" என்றாள். "வெள்ளிக்கிழமை கேட்டீங்களே, ரெண்டுல எதுன்னு. சிப்பு நல்ல சிப்பு சார். எனக்குத்தான் வேலை தெரியாது. நேத்து வரைக்கும்."

ராமானுஜம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கூட்டத்துக்கு நேரமாச்சு" என்று எழுந்து போனார்.

மறுநாள் சங்கத்து அறிவிப்புப் பலகையில் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு தொங்கியது. அந்த மெஷினிலேயே அடித்த தாள். நாலாவது விஷயம் இது: 'செயலாளரின் கம்ப்யூட்டரில் இருப்பது அசல் ப்ராசஸரே. அதைப் பொருத்திய திருமதி தமிழ்ச்செல்விக்கு விண்டோஸ் நிறுவத் தெரியாமல் இருந்தது. 24.8.2003 காலை 10.20 முதல் தெரியும். அவரே இதைத் தெரிவித்தார்.'

ஊரே அதைப் படித்தது. பால் வாங்கப் போனவர்களும் படித்தார்கள். பதினெட்டு நாள் கடை போன் அடிக்கவில்லை. தமிழ்ச்செல்வி ஸ்டூலில் உட்கார்ந்து மிச்சமிருந்த எட்டுப் புத்தகங்களையும் படித்தாள். அழவும் செய்தாள், அதை மறைப்பானேன். உண்மையைச் சொன்னது தப்போ என்று தினமும் ஒரு தரமாவது நினைத்தாள். மேசை ஆடிக்கொண்டே இருந்தது.

பத்தொன்பதாம் நாள் சி பிளாக்கிலிருந்து லதா டீச்சர் கூப்பிட்டார். எதற்கென்று சொல்லச் சங்கடப்பட்டார். "உங்க வீட்டுக்காரரை எங்க கம்ப்யூட்டர்லேருந்து காலி பண்ணிக் குடுப்பீங்களா? பையன் கேட்டுக்கிட்டே இருக்கான், இது யாரு அங்கிள்னு."

போனாள். பேர் கேட்கிற இடத்தில் டீச்சர் தன் பேரையே போடச்சொன்னார். அடுத்த வாரம் அதே பிளாக்கில் மூணு வீடு. பொங்கலுக்குள் நூற்றுப் பதிமூணு வீட்டுக்கும் சென்று, வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, புதிதாகப் போட்டுக் கொடுத்தாள். பார்க்கிறேன் என்று யார் வந்தாலும் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தாள். கட்டையை அமுக்கச் சொல்கிற இடத்தில் கைகளை மடியில் வைத்துக்கொள்வது அணுபுரத்தில் பிரபலமாகிவிட்டது.

கடை மெஷினில் மட்டும் பழசையே விட்டுவைத்தாள். பரணிதரன் பேர் இருந்த இடத்தில் தன் பேரைப் போட்டுக்கொண்டாள். ஏசுபாதம் ஃபோல்டர் அப்படியே இருந்தது.

2005 ஜூனில் ஒரு மத்தியானம் பரணிதரன் வந்தான். பெங்களூர் வேலை போய்விட்டது என்பதை, அந்த ஊர் தண்ணி ஒத்துக்கல என்று சொன்னான். பையைக் கடை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து, அவள் நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் டீ சொன்னாள்.

"கட நல்லாத்தான் கீது" என்று சுற்றிலும் பார்த்தான். "இனிமே சாஃப்ட்வேர் வேலைய நா பாத்துக்கறேன். நீ இத்தினி நாளு கஷ்டப்பட்டது போதும்."

மவுஸைப் பிடித்து அங்கே இங்கே கிளிக் செய்தான். தன் பேரைத் தேடினான் என்று தெரிந்தது. அது இல்லை. அப்புறம் வேறொன்று கண்ணில் பட்டது.

"இத்த இன்னும் வெச்சிகினு கீறியா?" என்று சிரித்து, ஏசுபாதத்தின் மேல் அம்பைக் கொண்டுபோய், அழிக்கிற கட்டையில் விரலை வைத்தான்.

"அத்த தொடாத" என்றாள் தமிழ்ச்செல்வி. "சிஸ்டம் ஃபைலு. தொட்டா மொத்தமும் பூடும்."

அவன் விரலை எடுத்தான். அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. டீ வந்தது. அவன் குடித்து முடித்தான்.

டம்ளரை வாங்கி வைத்துவிட்டு அவன் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தாள்.

"அந்த மூலைல நாலு கேபினட்டு கீது. ஃபேன் மாட்டு. எக்ஸ்பி நா போட்டுக்கறேன்."

அவன் நாற்காலியை விட்டு எழுந்தான். அவள் அதில் உட்கார்ந்து சிடியைப் போட்டாள். தரையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கும் திரை தெரியட்டும் என்று நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.